அண்ணனின் இடது தோளும் சிங்கம்புணரி வைத்தியமும்

கழுத்தில் ஐந்து ஊசிகளோடு நான் குப்புறப் படுத்திருந்தபோது அண்ணன் கூப்பிட்டார். மலேசியாவில், ஈப்போவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் சீன வைத்தியரின் மாடி அறை அது. தலையைத் தூக்கக் கூடாது என்பதால் வைத்தியரின் மகள்தான் போனை என் காதருகே பிடித்துக்கொண்டாள்.

"ஏத்தா மீனா, ஆவணியில நாள் குறிச்சாச்சு. நீ பத்து நாள் முந்தியே வந்துரு. எனக்கு இடது கை மேல எந்திரிக்கவே மாட்டேங்குது. அந்த ஊசிக்காரரையும் கூட்டிக்கிட்டு வர முடியுமா?"

வைத்தியரிடம் மலாயில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "நான் போய்விட்டால் உன் கழுத்தில் இருக்கும் ஊசியை யார் எடுப்பது? உங்கள் ஊரிலேயே இதற்கு ஆள் இருப்பார்கள், தேடச் சொல்" என்றார்.

நாள் குறித்தது அண்ணனின் அறுபதாம் கல்யாணத்துக்கு. எங்களுடையது தச்சு வேலைக் குடும்பம். அண்ணன் உளியை விட்டுப் பல வருடம் ஆகிறது, காரைக்குடியில் பிளைவுட் கடை வைத்திருக்கிறார். அறுபதாம் கல்யாணத்தில் மாலை மாற்ற வேண்டும். மதினி அண்ணனைவிட நான்கு விரற்கடை உயரம். முதல் கல்யாணத்தில் மதினியின் தம்பிகள் வேண்டுமென்றே அக்காவைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, அண்ணன் எகிறிக் குதித்து மாலை போட்ட கதையை இன்னும் சொந்தத்தில் சொல்லிச் சிரிக்கிறார்கள். இந்தத் தடவை குதிக்க வேண்டாம், கையைத் தலைக்கு மேல் தூக்கினால் போதும். அதுவே முடியாமல் போய்விட்டது. டாக்டர் அதற்கு 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்று பெயர் சொல்லியிருக்கிறார். தோள் மூட்டைச் சுற்றியிருக்கும் உறை இறுகிப்போகிற நோய். சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும். அண்ணனுக்குச் சர்க்கரை உண்டு.

திங்கட்கிழமை காலை திருச்சியில் இறங்கினேன். ஈப்போவில் எதற்கெடுத்தாலும் கார்தான். இங்கே விமான நிலையத்துக்கு வெளியே ரோட்டில் நின்றால் புதுக்கோட்டை பஸ் நம்மைத் தேடி வந்து நிற்கிறது. ஏறி உட்கார்ந்த பிறகுதான் என் பெட்டி வேறொருவர் காலடியிலும், அவருடைய கோழிக்கூடை என் காலடியிலும் இருப்பதைப் பார்த்தேன். "பரவாயில்லம்மா, எறங்கையில மாத்திக்கிருவோம்" என்றார். சொன்னபடி மாற்றிக்கொண்டோம்.

அண்ணன் வீட்டில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவர் தன் 'அளவை'க் காட்டினார். வீட்டை ஒட்டியிருந்த கடையின் பின்பக்கம் ஒரு பிளைவுட் பலகையை நிறுத்திவைத்திருந்தார். பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி தினமும் காலையில் அதன் மேல் விரல்களை ஊன்றி ஊன்றி ஏற்றி, எட்டுகிற இடத்தில் தச்சுப் பென்சிலால் கோடு போடுகிறார். கோடுகள் எல்லாம் அவருடைய மோவாய் மட்டத்திலேயே ஒன்றின் மேல் ஒன்றாக அப்பிக் கிடந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, நன்றாகத் தள்ளி, மதினியைப் பலகையோரம் நிற்கவைத்து அவள் தலை உயரத்துக்கு ஒரு கோடு.

"இதைத் தாண்டணும்" என்றார்.

"நான் குனிஞ்சுக்கிறேன்னு சொன்னேன் மீனா. கேக்க மாட்டேங்கிறாரு" என்றாள் மதினி.

"அன்னைக்கு நீ குனிஞ்சியா?"

"அன்னைக்கு என்னையத் தூக்கி வச்சிருந்தானுக. எப்படிக் குனியிறதாம்?"

செவ்வாய் முழுக்கப் பத்திரிகை வைக்க அலைந்தோம். நெற்குப்பையில் ஒரு வீட்டில் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் கொடுத்தார்கள். ஈப்போவில் என் மருமகள் அதே மாவை அதே பக்குவத்தில் ஊற்றுகிறாள், ஆனாலும் ஓரம் இப்படி மெல்லிசாக வருவதில்லை. அந்த வீட்டில்தான் வைத்தியருக்குத் துப்புக் கிடைத்தது. "சிங்கம்புணரியில ஒரு அம்மா இருக்காக. அக்குபங்சர். எங்க மூத்தவளுக்குத் தலைவலி நின்னுபோச்சு."

புதன்கிழமை கிளம்பினோம். இடது கையால் கியர் போட முடியாததால் அண்ணன் கார் ஓட்டுவதில்லை. பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. அவர் வலது கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடது கையை வயிற்றோடு சேர்த்து அணைத்தபடி நின்றார். குன்றக்குடி வளைவில் யாரோ அந்தத் தோளில் சாய்ந்துவிட, அண்ணன் போட்ட சத்தத்தில் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

சிங்கம்புணரி கயிற்றுக்குப் பேர்போன ஊர். கடைத்தெருவில் கயிற்றுச் சுருள்களைத் தாண்டி ஒரு சந்து. வீட்டின் முன்னறைதான் வைத்தியசாலை. பெயர்ப் பலகையைவிட, வெளியே கழற்றிப் போட்டிருந்த செருப்புகள்தான் அடையாளம். உள்ளே நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஏழெட்டுப் பேர். நான் கண்ணால் தேடியது ஊசி வைத்திருக்கும் தட்டை. அப்படி ஒன்றும் இல்லை.

பக்கத்தில் இருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். கேட்காமலே விளக்கினார். "இங்குட்டு ஊசியெல்லாம் கெடையாதும்மா. வெரல்தான். ஒரு தொடு, முடிஞ்சுது. நானெல்லாம் பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை அம்புட்டையும் கெணத்துல போட்டுட்டு வந்து உக்காந்திருக்கேன்."

"அப்ப கெணத்துக்கு இப்ப சுகர் இருக்காதே" என்றாள் எதிரே இருந்த பெண். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்காமல் கண்டக்டர் பக்கம் நாற்காலியை நகர்த்திக்கொண்டார்.

எனக்குத் தெரிந்த அக்குபங்சர் வேறு. ஈப்போ வைத்தியர் தலைமுடி கனத்தில் ஊசிகளைக் குத்துவார். அதில் மருந்து எதுவும் இருக்காது. குத்தும்போது வலிக்காது, ஆனால் ஊசியை லேசாகத் திருகும்போது உள்ளே ஒரு கனம் பரவும். இருபது நிமிடம் அப்படியே விட்டுவிட்டு எடுப்பார். ஒவ்வொரு முறையும் புது ஊசி, பையை என் எதிரில்தான் கிழிப்பார். உடம்புக்குள் 'சீ' என்ற உயிராற்றல் பாதைகளில் ஓடுகிறது, அது தேங்கினால் வலி, ஊசி அந்தத் தேக்கத்தை உடைக்கிறது என்பது அவருடைய விளக்கம். இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சீனர்கள் இதைத்தான் சொல்லிவருகிறார்கள்.

இன்றைய மருத்துவர்கள் எழுதியதையும் கொஞ்சம் படித்திருக்கிறேன். அந்தப் பாதைகளை யாரும் அறுத்துப் பார்த்துக் கண்டுபிடித்ததில்லை. ஆனால் ஊசி நரம்பைத் தூண்டும்போது மூளையும் தண்டுவடமும் உடம்பின் சொந்த வலிநிவாரணிகளைச் சுரக்கின்றன, இறுகிய தசை தளர்கிறது என்பதற்குச் சான்று உண்டு. நாள்பட்ட முதுகுவலி, கழுத்துவலி, முழங்கால் வலி, ஒற்றைத் தலைவலி, புற்றுநோய் மருந்தால் வரும் குமட்டல் ஆகியவற்றில் ஓரளவு பலன் தெரிகிறது. இன்னொன்றும் தெரிகிறது. சரியான இடத்தை விட்டு வேறிடத்தில் குத்தினாலும், குத்துவதுபோல் பாவனை செய்தாலும் கணிசமானவர்களுக்கு வலி குறைகிறது. நம்பிக்கைக்கும், ஒருவர் நம்மைக் கவனித்துப் பார்க்கிறார் என்பதற்கும் அதில் பங்கு இருக்க வேண்டும். என் கழுத்துக்கு எது பலன் தந்தது என்று எனக்கே தெரியாது. வலி குறைந்தது, அவ்வளவுதான்.

எங்கள் முறை வந்தது. வைத்தியர் கலைவாணிக்கு நாற்பது வயது இருக்கும். முன்பு நர்ஸாக இருந்தவர். அண்ணனின் இரண்டு மணிக்கட்டிலும் மும்மூன்று விரல்களை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஈப்போ வைத்தியரும் இதே மாதிரிதான் நாடி பார்ப்பார். உடம்பில் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்று ஐந்து மூலகங்கள் இருப்பதாக அவர் சொல்வார். இங்கே சுவரில் இருந்த படத்தில் உலோகத்துக்குப் பதில் காற்று.

"ஐயாவுக்கு மரம் பலவீனமா இருக்கு" என்றார் கலைவாணி.

அண்ணனுக்கு ரோசம் வந்துவிட்டது. "நாலு தலைமொறையா மரத்துலதான் சோறு திங்கிறோம். எனக்கு மரம் கொறச்சலா?"

"கடையில இருக்கது கணக்கில்லங்கய்யா" என்று சிரித்தபடி அவர் குனிந்து, அண்ணனின் பாதத்தில் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஓரிடத்தில் ஆள்காட்டி விரலை வைத்தார்.

"தோளு மேல இருக்குத்தா. நீங்க காலுக்குப் போறீக."

"லைட் மேலதான் எரியுது, சுவிட்சு கீழதான இருக்கு?"

என் கழுத்துக்கும் புறங்கையில் ஒரு ஊசி குத்துவார்கள் என்பதால் எனக்கு இது வியப்பில்லை. வியப்பெல்லாம் அது முடிந்த வேகத்தில்தான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, விரலை எடுத்துவிட்டார். பசித்தால் மட்டும் சாப்பிடுங்கள், தாகம் எடுத்தால் மட்டும் தண்ணீர் குடியுங்கள், சீக்கிரம் தூங்குங்கள், அடுத்த புதன் வாருங்கள் என்றார். பிறகு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார். சொன்னோம்.

"அத நிறுத்திராதீக. அது உங்க டாக்டர் பொறுப்பு."

வெளியே செருப்பு மாட்டும்போது கண்டக்டர் அண்ணனின் காதோரம் வந்தார். "அந்தம்மா சட்டத்துக்குப் பயந்து அப்படித்தான் சொல்லும். உள்ள மாத்திரை இருந்தா தொட்டது வேலை செய்யாது. யோசிச்சுக்கங்க." அண்ணன் தலையை ஆட்டினார். ஆளை விலக்குவதற்காக ஆட்டுகிறார் என்று நினைத்துவிட்டேன்.

அடுத்து வந்த நாட்களில் அந்தத் தோளுக்கு ஏகப்பட்ட உரிமையாளர்கள். மதினி கல்லுப்பைத் துணியில் கட்டி நல்லெண்ணெயில் நனைத்து ஒத்தடம் கொடுத்தாள். பிசியோதெரபிஸ்ட் கம்பு ஒன்றைக் கொடுத்துப் பயிற்சி சொன்னார். வலையபட்டியிலிருந்து வந்த சித்தப்பா ஏதோ தைலம் கொண்டுவந்தார். நான் மலேசியாவிலிருந்து கொண்டுவந்த ஒட்டுப் பட்டையை ஒட்டினேன். சனிக்கிழமை காலை பலகையில் கோடு மூக்குக்கு ஏறியது. இரவில் வலியில்லாமல் தூங்கியதாகவும் அண்ணன் சொன்னார். எதனால் என்று கேட்டால் ஒவ்வொருவரும் தன்னுடையதைச் சொன்னார்கள். ஒரே வாரத்தில் ஐந்து வைத்தியம் செய்துகொண்ட தோளிடம் போய் எது வேலை செய்தது என்று கேட்பதில் அர்த்தமில்லை.

ஞாயிறும் திங்களும் கோடு ஏறவில்லை. செவ்வாய்க்கிழமை கொஞ்சம் இறங்கியது. அண்ணன் கடையில் உட்கார்ந்தபடியே தூங்கிவிழுந்தார். கல்யாண வேலை அலைச்சல் என்றாள் மதினி. பசித்தால் சாப்பிடலாம் என்று சொல்லியிருப்பதைக் காட்டிக் கவுனி அரிசிப் பாயசத்தை இரண்டு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டார். பசி நிஜமாகவே இருந்தது.

புதன்கிழமை மறுபடி சிங்கம்புணரி பஸ். இந்தத் தடவை உட்கார இடம் கிடைத்தது. காரைக்குடி எல்லை தாண்டுவதற்குள் அண்ணன் தண்ணீர்ப் பாட்டிலைக் காலி செய்தார். பிள்ளையார்பட்டியில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாக இன்னொன்று வாங்கினார். திருப்பத்தூர் பஸ் நிலையத்தில், "ரெண்டே நிமிசம் நிறுத்துங்க" என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினார். நானும் இறங்கி வாசலில் நின்றேன். கண்டக்டர் இரண்டு நிமிடம் பொறுத்தார். அப்புறம் விசில் ஊதினார். எங்கள் குடையும் பழப்பையும் சிங்கம்புணரிக்குத் தனியாகப் போய்ச் சேர்ந்தன.

அண்ணன் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். உதடு காய்ந்திருந்தது. எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது.

"அண்ணே, மாத்திரை போடுறீகளா?"

அவர் எதிரே இருந்த பஸ்ஸின் ஊர்ப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே."

"போன புதன்லருந்து போடல. ஒன் மதினிகிட்டச் சொல்லிராத. ஞாயித்துக்கெழமை மாலையப் போட்டுட்டு அன்னைக்கு ராத்திரியே முழுங்கிர்றேன்."

"அந்தம்மா நிறுத்தாதீகன்னுதான சொன்னாக?"

"சொன்னாக. அங்க உக்காந்திருந்த கண்டக்டருக்குக் கொணமாயிருச்சுல்ல? கோடு மூக்கு வரைக்கும் வந்துச்சே, நீயே பாத்தியே."

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. பருத்திப்பால் விற்பவர் எங்களைப் பார்த்து வண்டியை ஓரங்கட்டினார். அண்ணன் ஆசையாகப் பார்த்தார். நான் வேண்டாம் என்று கைகாட்டி அனுப்பிவிட்டேன். அடுத்த பஸ் பிடித்துச் சிங்கம்புணரிக்குப் போனோம்.

கலைவாணியிடம் நானே சொன்னேன். அவர் நாடி பிடிக்கவில்லை. உள்ளே போய் ஒரு சிறு பையை எடுத்து வந்து அண்ணனின் விரலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். அந்த அறையில் நான் பார்த்த ஊசி அது ஒன்றுதான். கருவியில் வந்த எண்ணை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். முந்நூறைத் தாண்டியிருந்தது.

"நான் எப்பங்கய்யா மாத்திரைய நிறுத்தச் சொன்னேன்?"

"நீங்க சொல்லலத்தா. வெளிய…"

"வெளிய உக்காந்திருக்கவுக வைத்தியத்துக்குத்தான் இம்புட்டுத் தூரம் வந்தீகளா? தெக்குத் தெருவுல டாக்டர் இருக்காரு. மொதல்ல அங்க போங்க. பாத்துட்டு வாங்க, நான் இருக்கேன். அவரைப் பாக்காம வந்தீகன்னா தொட மாட்டேன்."

கதவைத் திறந்து வெளியே இருந்தவர்களிடமும் குரலை உயர்த்தினார். "மாத்திரைய நிறுத்துனவுக வேற யாரும் இருக்கீகளா? இப்பவே சொல்லிருங்க." பழைய கண்டக்டர் அன்று வரவில்லை. இரண்டு பேர் மெதுவாகக் கையைத் தூக்கினார்கள்.

டாக்டர் வயதில் சின்னவர். சிறுநீரில் இன்னொரு பரிசோதனை செய்து பார்த்துவிட்டு, பெரிய ஆபத்து இல்லை, இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் படுக்கவைக்க வேண்டியிருக்கும் என்றார். பழைய மாத்திரையை அங்கேயே போடச் சொன்னார். பிறகு தோளைத் தூக்கிப் பார்த்தார்.

"சர்க்கரை ஏறுனா இந்த மூட்டு இன்னும் இறுகும் சார். எதுக்காக மாத்திரைய நிறுத்துனீங்களோ, அதைத்தான் நீங்களே கெடுத்திருக்கீங்க."

"அந்த வெரல் வைக்கிற வைத்தியம் பண்ணிக்கலாமா?" என்று அண்ணன் கேட்டார்.

"வலி குறையிற மாதிரி இருந்தா பண்ணிக்குங்க. வலி குறைஞ்சா பயிற்சி நல்லாச் செய்வீங்க. ஆனா தோள் தானா இளக மாசக்கணக்கு ஆகும். ஞாயித்துக்கிழமைக்குள்ள எல்லாம் நடக்கும்னு என்னால சொல்ல முடியாது."

திரும்பிப் போனோம். கலைவாணி பாதத்தில் அதே இடத்தைத் தொட்டார். ஊருக்குக் கிளம்பும்போது பார்த்தால், பஸ்காரர் எங்கள் குடையைப் பஸ் நிலைய டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பழம் வரவில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் மதினி மறுபடி பாயசக் கிண்ணத்தை வைத்தாள். அண்ணன் அதைத் தள்ளிவிட்டு எல்லாவற்றையும் தானே சொன்னார். நான் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.  மதினி எழுந்து போய் மாத்திரை டப்பாவை எடுத்து வந்து தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மாலை போடலைன்னா நான் ஒங்க பொண்டாட்டி இல்லைன்னு ஆயிருமா? முப்பத்திரெண்டு வருசம் எந்த மாலையில ஓடுச்சு?"

"ஊரு சிரிக்குமேடி."

"சிரிக்கட்டும். ஆளு இருந்தாத்தான சிரிக்க முடியும்?"

வியாழனும் வெள்ளியும் அண்ணன் பலகைப் பக்கம் போகவில்லை. பயிற்சி மட்டும் செய்தார். சனிக்கிழமை சொந்தக்காரர்கள் வந்து நிறைந்துவிட்டார்கள். மதினியின் தம்பிகள் மூவரும் சென்னையிலிருந்து வந்து இறங்கியதுமே, "மச்சான், அக்காவைத் தூக்கவா வேணாமா?" என்று ஆரம்பித்தார்கள். மூத்தவனைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவன் மற்ற இருவரிடமும் என்ன சொன்னானோ தெரியாது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சு நின்றுபோனது. அதைவிட அந்தப் பேச்சே தேவலை என்று இருந்தது. மூன்று பேரும் அண்ணனை நோயாளியைப் போலப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கலச நீர் ஊற்றி முடிந்து இருவரும் புதுத்துணியில் மேடைக்கு வந்தார்கள். மதினி முதலில் மாலை போட்டாள். அண்ணன் கையில் கொடுத்த மாலை நல்ல கனம், ரோஜாவும் சம்பங்கியும் நெருக்கிக் கட்டியது. மதினி குனியவில்லை. குனிந்தால் அவருக்குப் பிடிக்காது என்று தெரியும். ஆனால் ஓரடி முன்னால் வந்து, அவர் கைக்கு அருகில் நின்றுகொண்டாள்.

அண்ணன் தூக்கினார். வலது கை சுலபமாகப் போய்விட்டது. இடது கை மூக்கு மட்டத்தில் நின்றது.  நாதஸ்வரக்காரர் நிலைமை தெரியாமல் வாசித்துக்கொண்டே இருந்தார். அண்ணன் கண்ணை இறுக்கி, உடம்பை வலப்பக்கம் சாய்த்து, இடது கையை இன்னும் கொஞ்சம் ஏற்றினார். மாலை மதினியின் கொண்டையில் மாட்டியது. அவர் விடவில்லை. ஒரு உலுக்கு உலுக்கினார், மல்லிகைச் சரத்தில் பாதியை உதிர்த்துக்கொண்டு மாலை கழுத்தில் விழுந்தது. "ஆ!" என்று ஒரு சத்தம். யாரும் சிரிக்கவில்லை. மூத்த மச்சான்தான் முதலில் கைதட்டினான்.

அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு, வியர்வையோடு, பல்லைக் கடித்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது மேடைக்குக் கீழே இருந்து போட்டோகிராபர் கத்தினார்.

"சார், லென்ஸ் மாத்திக்கிட்டிருந்தேன், மிஸ்ஸாயிருச்சு. மாலையக் கழட்டி இன்னொரு தடவ போடுங்க சார். கையை நல்லா மேல தூக்கி!"

அண்ணன் மதினியைப் பார்த்தார். கை தானாக அவள் கழுத்து மாலையை நோக்கிப் போனது. மதினி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"தம்பி, படம் வேணும்னா நான் அவருக்கு இன்னொரு தடவ போடுறேன், எடுத்துக்கங்க. அவரு போட்டாச்சு."

அப்படியே செய்தார்கள். ஆல்பம் போன மாதம் ஈப்போவுக்கு வந்து சேர்ந்தது. அதில் மதினி அண்ணனுக்கு மாலை போடும் படம் இரண்டு இருக்கிறது. அண்ணன் போட்ட படம் இல்லை. அதனால்தான் இதை எழுதிவைக்கிறேன். அவர் போட்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.